பி-என் சந்தி இல்லாமல் ஒளியிலிருந்து மின்னோட்டம்: ஷிஃப்ட் மின்னோட்டக் கோட்பாட்டைத் தொடங்குவது எப்படி?

ஒரு படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பி-என் சந்தி, அதாவது சூரியக் கலத்தில் இரு வகைக் குறைகடத்திகள் சந்தித்து எலக்ட்ரானை ஒரு பக்கம் தள்ளும் எல்லை, இல்லை. மின்கலம் எதையும் இணைக்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பொருள், ஒரே வெப்பநிலை. இரண்டு பக்கமும் மின்முனை ஒட்டி, முழுப் படிகத்தின் மீதும் சீராக ஒளி பாய்ச்சினால் மின்னோட்டம் ஓடுமா? சிலிக்கானில் ஓடாது. பேரியம் டைட்டனேட்டிலும் லித்தியம் நயோபேட்டிலும் ஓடும். ஒளி இருக்கும்வரை நிற்காமல் ஓடும். எலக்ட்ரான்களை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை எதுவும் உள்ளே இல்லை. அப்படியானால் திசையைத் தீர்மானிப்பது எது? ஒளி எலக்ட்ரானைத் தாவவைக்கும் கணத்திலேயே அது சற்று நகர்ந்துவிடுவதால் வரும் ஷிஃப்ட் மின்னோட்டம் இதற்கு ஒரு முக்கிய விடை. இந்தத் துறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் இந்தக் கேள்வியோடு கொஞ்சநேரம் உட்கார வேண்டும்.

கதை 1960-களில் தொடங்குகிறது. 1966-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், லேசர் பட்ட இடத்தில் லித்தியம் நயோபேட்டின் ஒளிவிலகல் எண் மாறிவிடுவதைக் கண்டார்கள். லேசர் வேலைக்கு அது தொல்லை என்பதால் சேதக் கணக்கில்தான் எழுதினார்கள். 1974-ல் அதே ஆய்வகத்தில் கிளாஸ், ஃபான் டெர் லிண்டே, நெக்ரான் மூவரும் அதன் பின்னால் இருப்பது படிகத்துக்குள்ளேயே பிறக்கும் ஒரு மின்னோட்டம் என்று காட்டினார்கள். கோட்பாட்டை ஒருபுறம் சோவியத் ஒன்றியத்தில் பெலினிச்சர், ஸ்டர்மன் குழுவும், மறுபுறம் ஜெர்மனியில் ஃபான் பால்ட்ஸும் கிரவுட்டும் வளர்த்தார்கள். சுத்தமான படிகத்துக்கான ஃபான் பால்ட்ஸ்–கிரவுட் கட்டுரை 1981-ல் வந்தது. இன்று எல்லோரும் கையாளும் வடிவத்தை 2000-ல் சைப், ஷ்கிரெப்டீ இருவரும் எழுதினார்கள். 2012-ல் யங், ராப்பே இருவரும் பேரியம் டைட்டனேட்டுக்கு முதல் கொள்கைக் கணக்கீடு (அளவீட்டு எண்களைச் செருகாமல் குவாண்டம் இயக்கவியலிலிருந்தே போடுவது) செய்து, பழைய அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக 2000-ம் ஆண்டுக் கட்டுரையைத் திறப்பார்கள். குறியீடுகளின் காட்டில் இரண்டு வாரம் போய்விடும். என் யோசனை வேறு. முதலில் சமச்சீர்மை, அப்புறம் கையால் முடிக்கக்கூடிய ஒரு சின்ன மாதிரி, அதற்குப் பிறகுதான் பொதுச் சூத்திரமும் கணினியும். குவாண்டம் இயக்கவியலில் இரண்டாம் வரிசைச் சிற்றலைவுக் கோட்பாடு, பிளாக் அலைச்சார்பு, கொஞ்சம் டென்சர் இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் படி: சமச்சீர்மையிடம் அனுமதி கேளுங்கள்

நாம் தேடும் மின்னோட்டம் ஒளியின் மின்புலத்தின் இருபடியைப் பொறுத்தது. மின்புலம் நொடிக்குப் பல லட்சம் கோடி முறை திசை மாறுவதால் முதல் வரிசையில் சராசரி பூச்சியம். இருபடியில்தான் அதிர்வு ரத்தாகி நேர்த்திசை மின்னோட்டம் மிஞ்ச முடியும். அதனால்தான் இது ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது.

இப்போது படிகத்தை ஒரு புள்ளியை மையமாக வைத்து முழுவதும் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வோர் அணுவும் மையத்துக்கு நேர் எதிரே போகட்டும். மின்னோட்டம் குறி மாறும். மின்புலமும் குறி மாறும், ஆனால் அதன் இருபடி மாறாது. திருப்பிய பிறகும் படிகம் பழையபடியே இருந்தால், ஒரே ஒளிக்கு ஒரே படிகம் எதிரெதிர் திசைகளில் மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். இரண்டும் நடக்க ஒரே வழி அது பூச்சியமாக இருப்பதுதான். சிலிக்கான் விலகிப்போவது இங்கேதான். மையச் சமச்சீர் இல்லாத பொருள்களில் மட்டும் கதவு திறக்கிறது.

32 படிக வகுப்புகளில் 21-க்கு மையச் சமச்சீர் இல்லை. நேர்கோட்டுத் தளவிளைவு கொண்ட ஒளிக்கு (மின்புலம் ஒரே கோட்டில் அதிரும் ஒளி) வரும் மின்னோட்டத்தின் டென்சர், பீசோமின் விளைவின் (அழுத்தினால் மின்னூட்டம் எழுவது) டென்சரின் வடிவத்தையே கொண்டது. ஆகவே 21-ல் 20 வகுப்புகள் தகுதி பெறுகின்றன. வட்டத் தளவிளைவு கொண்ட ஒளி (மின்புலம் சுழலும் ஒளி) தரும் மின்னோட்டத்துக்கு நிபந்தனை வேறு. அதற்கு 18 வகுப்புகள். ஒன்றைக் கவனியுங்கள்: படிகத்துக்கு நிரந்தர முனைவாக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முனைவாக்கம் உள்ள வகுப்புகள் 10 மட்டுமே. காலியம் ஆர்சனைடுக்கு முனைவாக்கம் கிடையாது, ஆனால் அது இந்த மின்னோட்டத்தைத் தரும். ‘உள்ளே இருக்கும் முனைவாக்கப் புலம் எலக்ட்ரானைத் தள்ளுகிறது’ என்று பல இடங்களில் வரும் விளக்கத்தை ஏற்கும் முன் காலியம் ஆர்சனைடை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலியம் ஆர்சனைடையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் சமச்சீர்மை மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அதன் டென்சரில் சுதந்திரமான எண் ஒன்றே ஒன்று. விதி இதுதான்: இசட் திசை மின்னோட்டம் எக்ஸ், ஒய் திசை மின்புலங்களின் பெருக்குத் தொகைக்கு நேர்விகிதம், மற்ற இரண்டு திசைகளுக்கும் அதே மாதிரி சுழற்றி எழுதிக்கொள்ளலாம். இப்போது (001) முகத்தின் மீது ஒளியைச் செங்குத்தாக விடுங்கள். மின்புலம் எக்ஸ்-ஒய் தளத்தில்தான் இருக்கும். ஆக மின்னோட்டம் இசட் திசையில், அதாவது தடிமனுக்குள் ஓடும். முகத்தின் மேல் இரண்டு மின்முனை வைத்து எவ்வளவு காத்திருந்தாலும் எதுவும் வராது. ஒளியை எப்படித் திருப்பினாலும் வராது.

அதே படிகத்தை (110) முகம் தெரியும்படி வெட்டுங்கள். ஒளியின் மின்புலம் [1, −1, 0] திசையோடு செய்யும் கோணத்தை தீட்டா என்று வைத்துக்கொண்டு அதே விதியைப் போட்டுப் பாருங்கள். [001] திசையில் தீட்டாவின் கோசைனின் இருபடியாக ஒரு மின்னோட்டம் வரும். [1, −1, 0] திசையில் இரண்டு தீட்டாவின் சைனாக இன்னொன்று வரும். முகத்துக்குச் செங்குத்தான திசையில் பூச்சியம். இரண்டு மின்னோட்டங்களின் உச்ச அளவும் சமம். ஒரு பட்டைக் கணக்கும் போடாமல், ஒரு தாளில், சோதனைச்சாலையில் போய்ச் சரிபார்க்கக்கூடிய கணிப்பு கைக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பேரியம் டைட்டனேட் அறை வெப்பநிலையில் நாற்கோண அமைப்பில் இருக்கும். அதற்கு மூன்று சுதந்திர எண்கள். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது கனசதுர அமைப்புக்கு மாறி மையச் சமச்சீர் பெற்றுவிடும். மின்னோட்டமும் நின்றுவிட வேண்டும்.

இரண்டாம் படி: எந்த மின்னோட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே அளவீட்டுக்குள் பல மின்னோட்டங்கள் கலந்து வரும். பெயர்களைக் குழப்பிக்கொண்டால் பிறகு எந்தக் கட்டுரையும் புரியாது.

ஷிஃப்ட் மின்னோட்டம் என்பது, எலக்ட்ரான் இணைதிறன் பட்டையிலிருந்து கடத்தும் பட்டைக்குத் தாவும் அந்தக் கணத்திலேயே அதன் மின்னூட்ட மையம் சற்று நகர்ந்துவிடுவதால் வருவது. தாவுவதற்கு முன் அலைச்சார்பு ஓரிடத்தில் குவிந்திருக்கும். தாவிய பிறகு வேறிடத்தில். சமச்சீரற்ற படிகத்தில் இந்த நகர்வுகளைச் சராசரி எடுத்தால் பூச்சியமாகாது. தாவிய பிறகு எலக்ட்ரான் எவ்வளவு நேரம் மோதாமல் ஓடுகிறது என்பது எளிய கோட்பாட்டில் இங்கே வருவதே இல்லை.

இன்ஜெக்‌ஷன் மின்னோட்டம் வேறு வகை. வட்டத் தளவிளைவு ஒளி, ஓர் அலைத் திசையனிலும் அதற்கு நேர் எதிரான அலைத் திசையனிலும் சமமற்ற எண்ணிக்கையில் எலக்ட்ரான்களை ஏற்றிவிடும். ஏறியவற்றின் திசைவேகங்கள் ரத்தாகாமல் மிஞ்சும். ஒளி விழ விழ இது வளர்ந்துகொண்டே போகும்; மோதல்கள்தான் அதை நிறுத்தும். அதனால் இதன் அளவு மோதல்களுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு நேர்விகிதம்.

காந்தத் தன்மை இல்லாத பொருளில், அதாவது காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் மாறாத பொருளில், நேர்கோட்டு ஒளிக்கு ஷிஃப்ட், வட்ட ஒளிக்கு இன்ஜெக்‌ஷன் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். காந்தப் பொருள்களில் இந்த விதி உடையும். மையத் திருப்பலும் காலத் திருப்பலும் தனித்தனியாக இல்லாமல் இரண்டும் சேர்ந்து மட்டும் சமச்சீராக இருக்கும் எதிர்ஃபெர்ரோ காந்தங்களில் பாத்திரங்கள் இடம் மாறி, நேர்கோட்டு ஒளியே இன்ஜெக்‌ஷன் மின்னோட்டம் தரும். தொடக்கத்தில் காந்தப் பொருள் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவதாக பாலிஸ்டிக் மின்னோட்டம் ஒன்று இருக்கிறது. ஃபோனான்களாலோ (படிக அணுக்களின் அதிர்வுகள்) எலக்ட்ரான்–துளை ஈர்ப்பாலோ சிதறல் ஒரு பக்கம் அதிகமாக நடப்பதால் வருவது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: இரண்டு அணுச் சங்கிலி

ரைஸ்–மெலே மாதிரி என்று பெயர். ஒரு நேர்கோட்டுச் சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் இரண்டு அணுக்கள், சம இடைவெளியில். ஒன்றுக்கு ஆற்றல் கூடுதல், மற்றதற்குக் குறைவு. பக்கத்து அணுவுக்குத் தாவும் வலிமையும் ஒன்றுவிட்டு ஒன்று கூடிக் குறைகிறது. எண்களையே போட்டுவிடுவோம்: சராசரித் தாவல் 1 எலக்ட்ரான்வோல்ட்; அது மாறி மாறி 1.2, 0.8 என்று வருகிறது, அதாவது ஏற்ற இறக்கம் 0.2, அணு ஆற்றல்கள் +0.3, −0.3.

ஹாமில்டோனியன் ஒரு இரண்டுக்கு இரண்டு அணி. அதை பௌலி அணிகளின் கூட்டாக எழுதினால் மூன்று கூறுகள் உள்ள ஒரு திசையன் கிடைக்கும். முதல் கூறு, சராசரித் தாவலின் இருமடங்கு பெருக்கல் அரைக் கோணத்தின் கோசைன். இரண்டாவது, ஏற்ற இறக்கத்தின் இருமடங்கு பெருக்கல் அரைக் கோணத்தின் சைன். மூன்றாவது, மாறாத 0.3. கோணம் என்பது அலை எண்ணையும் அலகு நீளத்தையும் பெருக்கியது. இந்தத் திசையனின் நீளம்தான் மேல் பட்டையின் ஆற்றல். கீழ்ப் பட்டை அதன் எதிர்மறை. பிரில்லுவான் மண்டலத்தின் ஓரத்தில் நீளம் 0.16-ஐயும் 0.09-ஐயும் கூட்டிய வர்க்கமூலம், அதாவது 0.5. பட்டை இடைவெளி சரியாக 1 எலக்ட்ரான்வோல்ட். மண்டலத்தின் நடுவில் இடைவெளி சுமார் 4.04. ஆகவே 1-க்கும் 4.04-க்கும் இடைப்பட்ட ஃபோட்டான்கள் மட்டுமே வேலை செய்யும்.

அடுத்தது முக்கியமான இடம். இரண்டு பட்டை மாதிரியில், ஷிஃப்ட் மின்னோட்டத்துக்கு ஓர் அலை எண் தரும் பங்கை, அந்தத் திசையன், அதன் முதல் வகையீடு, இரண்டாம் வகையீடு மூன்றின் கலப்புப் பெருக்கலாக எழுத முடியும். கையால் போட்டுப் பாருங்கள். சைன் இருபடியும் கோசைன் இருபடியும் கூடி 1 ஆகிவிடும். மிஞ்சுவது மூன்று எண்களின் பெருக்கல் மட்டும்: சராசரித் தாவல், தாவலின் ஏற்ற இறக்கம், அணு ஆற்றல் வேறுபாடு. அதைப் பட்டை ஆற்றலின் மும்மடியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தாவல்களைச் சமமாக்கினால் விடை பூச்சியம். அப்போது ஒவ்வோர் அணுவும் ஒரு சமச்சீர் மையம். அணு ஆற்றல்களைச் சமமாக்கினாலும் பூச்சியம். அப்போது ஒவ்வொரு பிணைப்பின் நடுவும் ஒரு சமச்சீர் மையம். ஏதாவது ஒன்றின் குறியை மாற்றினால் மின்னோட்டம் திசை மாறும். இரண்டின் குறியையும் மாற்றினால் பழைய திசையே. முதல் படியில் சமச்சீர்மை சொன்னது அத்தனையும் சூத்திரமாகவே வந்து நிற்கிறது. நிறமாலை முழுவதிலும் குறி ஒன்றுதான் என்பதும் தெரிகிறது.

இப்போது ஷிஃப்ட் திசையனைத் தனியாகப் பார்ப்போம். ஒளியால் கீழ்ப் பட்டையிலிருந்து மேல் பட்டைக்கு ஒருமுறை தாவும்போது எலக்ட்ரான் சராசரியாக எவ்வளவு நகர்கிறது என்பதுதான் அது. நமது எண்களுக்கு, பட்டை இடைவெளியின் கீழ் விளிம்பில் அது அலகு நீளத்தில் 0.06. மேல் விளிம்பில் சுமார் 0.37. ஆறு மடங்கு பெரியது! அப்படியென்றால் 4 எலக்ட்ரான்வோல்ட் ஒளிதான் அதிக மின்னோட்டம் தருமா? தராது. அங்கே ஒளி உட்கவர்தலின் வலிமை, அதாவது திசைவேக அணியுறுப்பின் இருபடி, 1-லிருந்து 0.04-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் கீழ் விளிம்புதான் நான்கு மடங்கு முந்துகிறது. அதை ஆற்றலின் இருபடியால் வேறு வகுக்க வேண்டும் என்பதால் இடைவெளி இன்னும் விரியும். ஷிஃப்ட் திசையன் பெரிதாக இருக்கிறது என்று மட்டும் காட்டி ஒரு பொருளைப் புகழும் கட்டுரையைப் பார்த்தால், உட்கவர்தல் எவ்வளவு என்று உடனே தேடுங்கள். நகர்வும் உட்கவர்தலும் சேர்ந்த பெருக்கல்தான் மின்னோட்டம். இந்தத் துறையில் நல்ல பொருளைத் தேடுவது என்றால் இரண்டும் ஒரே ஆற்றலில் சந்திக்கும் இடத்தைத் தேடுவதுதான்.

இதையே கணினியிலும் போடுங்கள். பைத்தானில் முப்பது நாற்பது வரி வரும். இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன.

ஒன்று, அலைச்சார்பின் கட்டம் (phase). ஒவ்வோர் அலை எண்ணிலும் கணினி தரும் அலைச்சார்பின் கட்டம் தன்னிச்சையானது. அதை நேரடியாக வகையிட்டால் வெறும் இரைச்சல் வரும். பக்கத்துப் பக்கத்து இரண்டு அலை எண்களை எடுத்து, முதல் இடத்தின் அணியுறுப்பு, அடுத்த இடத்தின் அணியுறுப்பின் இணைச் சிக்கலெண், இரண்டு பட்டைகளுக்குமான மேற்பொருந்தல்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு மூடிய சுற்றாகப் பெருக்குங்கள். ஒவ்வோர் அலைச்சார்பும் இணையோடு சேர்ந்து வருவதால் தன்னிச்சைக் கட்டங்கள் தாமாகவே ரத்தாகும். மிஞ்சும் கட்டத்தை அலை எண் இடைவெளியால் வகுத்தால் ஷிஃப்ட் திசையன்.

இரண்டாவது பொறி இன்னும் ஆழமானது. பாடநூல்களில் இதே சங்கிலியை, அலகுக்குள்ளே ஒரு தாவல், அடுத்த அலகுக்கு முழுக்கோணக் கட்டத்தோடு இன்னொரு தாவல் என்று எழுதுவார்கள். பட்டை ஆற்றல்கள் அச்சாக ஒன்றேதான். ஆனால் அந்த வடிவத்தை அப்படியே வகையிட்டால், தாவல்கள் சமமாக இருக்கும்போதும் ஷிஃப்ட் மின்னோட்டம் பூச்சியமாகாது. காரணம், அந்த வடிவம் அலகின் இரண்டு அணுக்களையும் ஒரே புள்ளியில் வைத்துவிடுகிறது. அதனாலேயே சமச்சீர் குலைகிறது. அணு எங்கே இருக்கிறது என்பது கட்டத்துக்குள் சரியாக ஏற வேண்டும். பட்டை ஆற்றல் சரியாக வந்தால் மாதிரியும் சரி என்ற நம்பிக்கை இந்தத் துறையில் செல்லாது. தாவல்களைச் சமமாக்கி விடை பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதை ஒவ்வொரு நிரலுக்கும் முதல் சோதனையாக வையுங்கள்.

நிறமாலையின் இரண்டு விளிம்புகளிலும் உயரமான முள் வரும். ஒரு பரிமாணத்தில் நிலை அடர்த்தி அங்கே முடிவிலிக்குப் போவதால் அது இயல்புதான். ஆற்றல் பொருத்தத்தைக் கணினிக்காகத் தளர்த்த நீங்கள் போடும் அகலப்படுத்தலைக் குறைக்கக் குறைக்க முள் உயரும், ஆனால் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மாறக்கூடாது. மாறினால் அலை எண் புள்ளிகள் போதவில்லை.

நான்காம் படி: பொதுச் சூத்திரத்தை வாசிப்பது

இப்போது 2000-ம் ஆண்டுக் கட்டுரையைத் திறக்கலாம். அங்கே வரும் சூத்திரத்தில் மூன்று துண்டுகள்தான்: ஃபோட்டான் ஆற்றல் பொருந்த வேண்டும் என்று சொல்லும் டெல்டா சார்பு, உட்கவர்தலின் வலிமை, ஷிஃப்ட் திசையன். மூன்றையும் பெருக்கி, எல்லாப் பட்டை இணைகளுக்கும், பிரில்லுவான் மண்டலம் முழுவதற்கும் கூட்ட வேண்டும். ஷிஃப்ட் திசையனுக்குள் இரண்டு பகுதிகள்: அணியுறுப்பின் கட்டம் அலைத் திசையனோடு மாறும் வீதமும், இரண்டு பட்டைகளின் பெர்ரி இணைப்புகளின் (Berry connection) வேறுபாடும். தனித்தனியாக இரண்டுக்கும் பொருள் இல்லை. கட்டத் தேர்வை மாற்றினால் இரண்டும் மாறும். கூட்டுத்தொகை மாறாது.

முனைவாக்கத்தின் நவீனக் கோட்பாடு தெரிந்தவர்களுக்கு பெர்ரி இணைப்பைப் பார்த்ததும் பழக்கமான முகம் தெரியும். ஒரு பட்டையின் மின்னூட்ட மையம் எங்கே என்பதை அதுதான் சொல்கிறது. ஆக வேறுபாடு என்பது இரண்டு பட்டைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: திசையைத் தீர்மானிப்பது அலைச்சார்பின் கட்டம்.

நீள அளவி, திசைவேக அளவி (gauge) என்று இரண்டு வழிகளில் சூத்திரம் வரும். எல்லாப் பட்டைகளையும் சேர்த்தால் இரண்டும் ஒரே விடை தரும். பட்டைகளை வெட்டிவிட்டால் தராது. தொடங்குபவர்கள் நீள அளவியோடு நிற்பது நல்லது.

மாறிலிகளில் கவனம் தேவை. சிலர் மின்புலத்தை ஒரு சிக்கலெண்ணும் அதன் இணையும் சேர்ந்த கூட்டாக எழுதுவார்கள். சிலர் மெய் வீச்சாக எழுதுவார்கள். இருபடியில் நான்கு மடங்கு வித்தியாசம். எண்களை ஒப்பிடும் முன் ஒவ்வொரு கட்டுரையிலும் இந்த வரியைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு மனதில் பதிய ஒரு கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் செறிவுள்ள ஒளியில், வெற்றிடத்தில் மின்புலத்தின் உச்சம் மீட்டருக்குச் சுமார் 2,700 வோல்ட். ஒரு பொருளின் குணகம், உதாரணத்துக்கு, வோல்ட் இருபடிக்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் திரும்பிப்போகும் ஒளியை விட்டுவிட்டு, மின்புல இருபடியின் சராசரியை, அதாவது உச்சத்தின் இருபடியில் பாதியை எடுத்தால், மின்னோட்ட அடர்த்தி சதுர மீட்டருக்கு 38 ஆம்பியர் அளவில் வரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒளி 100 நானோமீட்டர் ஆழம்தான் இறங்கும், மின்முனையின் அகலம் 1 மில்லிமீட்டர் என்றால், கம்பியில் ஓடுவது வெறும் 4 நானோ ஆம்பியர்.

ஐந்தாம் படி: உண்மையான பொருளுக்குக் கணக்கிடுவது

காலியம் ஆர்சனைடோடு தொடங்குங்கள். ஒரே ஒரு டென்சர் எண், சின்ன அலகு, ஒப்பிடுவதற்குப் பழைய கணக்கீடுகளும் உண்டு. குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற நிரலில் அடிப்படை நிலையை முடித்து, வான்னியர்90 என்ற நிரலில் வான்னியர் சார்புகளை (பிளாக் அலைச்சார்புகளை ஓரிடத்தில் குவித்து எழுதிய வடிவம்) அமைத்து, அதன் ஷிஃப்ட் மின்னோட்டப் பகுதியை ஓட்டுவது இப்போது பழகிய பாதை. இபான்யெஸ்-அஸ்பிரோஸ், ட்சிர்கின், சூசா மூவரும் 2018-ல் எழுதிய முறை அதில் இருக்கிறது. வான்னியர் சார்புகளுக்கு இடையேயான நிலை அணியுறுப்புகளை விட்டுவிடக்கூடாது என்பதை அவர்கள் வலியுறுத்துகிறார்கள். சங்கிலியில் பார்த்த இரண்டாம் பொறியின் பெரிய வடிவம்தான் இது.

அலைத் திசையன் வலையை தாராளமாக அடர்த்தியாக்குங்கள். ஒவ்வொரு திசையிலும் நூறு புள்ளி என்பது ஆரம்பம் மட்டுமே. வழக்கமான அடர்த்திச் சார்பியக் கணக்கீடு (DFT) பட்டை இடைவெளியைக் குறைத்துக் காட்டும். காலியம் ஆர்சனைடில் அது மோசமாகவே தெரியும். அறை வெப்பநிலையில் உண்மையான இடைவெளி 1.42 எலக்ட்ரான்வோல்ட். கடத்தும் பட்டைகளைக் கத்தரித்து மேலே தூக்குவது எளிய வழி. ஆனால் நிறமாலையின் வடிவத்தைக் குலைக்காமல் அணியுறுப்புகளையும் அதற்கேற்பக் கையாள வேண்டும். ஒற்றை அடுக்குப் பொருள்களில் இன்னொரு சிக்கல்: கணக்கீட்டுப் பெட்டியில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். பெட்டியின் உயரத்தால் பெருக்கி அடுக்குக் குணகமாக மாற்றிய பிறகே மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடலாம்.

வரும் விடையில் அனுமதியில்லாத டென்சர் உறுப்புகளையும் அச்சிட்டுப் பாருங்கள். அவை பூச்சியத்தை ஒட்டி இல்லையென்றால் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: அளவீட்டோடு ஒப்பிடும்போது

மின்முனைக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள தடை, ஒளிப்புள்ளியின் சூடு, மேற்பரப்புப் புலம் எல்லாமே ஒளி பட்டால் மின்னோட்டம் தரும். அவற்றை ஒதுக்க நல்ல வழி தளவிளைவைச் சுழற்றுவது. கால் அலைத்தகட்டை (நேர்கோட்டு ஒளியை வட்ட ஒளியாக மாற்றும் தகடு) சுழற்றி எடுத்த அளவீட்டை நான்கு துண்டாகப் பிரிக்கலாம்: இருமடங்குக் கோணத்தோடு மாறுவது வட்ட ஒளியின் பங்கு, நான்கு மடங்குக் கோணத்தோடு மாறும் இரண்டு உறுப்புகள் நேர்கோட்டு ஒளியின் பங்கு, கோணத்தோடு மாறாதது பின்னணி. சூட்டினால் வருவது பெரும்பாலும் அந்தப் பின்னணியில் போய்ச் சேரும். டான்டலம் ஆர்சனைடு போன்ற வைல் அரை உலோகங்களில் (இரண்டு பட்டைகள் தனித்த புள்ளிகளில் தொட்டுக்கொள்ளும் பொருள்கள்) நடுத்தர அகச்சிவப்பு ஒளிக்குப் பெரிய மின்னோட்டம் வருவதை 2019-ல் காட்டியபோது, சமச்சீர்மையின்படி கோணத்தைப் பகுத்துப் பிரித்த இந்த வகை ஆய்வுதான் கைகொடுத்தது.

மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண சூரியக் கலத்தின் மின்னழுத்தம் பட்டை இடைவெளியைத் தாண்டாது. இங்கே அந்த வரம்பு இல்லை. மின்னோட்ட அடர்த்தியையும் நீளத்தையும் பெருக்கி, ஒளியிலும் இருளிலும் உள்ள கடத்துத்திறனின் கூட்டால் வகுத்தால் வருவதுதான் மின்னழுத்தம். இரும்பு கலந்த லித்தியம் நயோபேட்டில் சென்டிமீட்டருக்கு 1 லட்சம் வோல்ட் அளவுக்குப் புலம் எழுவது இதனால்தான். ஆனால் கடத்துத்திறன் மிகக் குறைவாக இருப்பதால்தான் அவ்வளவு மின்னழுத்தம். எடுக்கக்கூடிய திறன் சொற்பம். பேரியம் டைட்டனேட்டின் பட்டை இடைவெளி 3 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் என்பதால் சூரிய ஒளியின் பெரும்பகுதி அதைத் தொடாமலே கடந்துபோகும். சிலிக்கானை இது நாளையே வெளியேற்றிவிடும் என்று எழுதுபவர்களிடம் மின்னழுத்தத்தோடு மின்னோட்டத்தையும் கேளுங்கள். எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஒளி உணரிகள் பக்கம்தான். மின்னழுத்தம் கொடுக்காமலே வேலை செய்வதும், ஷிஃப்ட் மின்னோட்டம் மிக வேகமாக எழுவதும் அங்கே உண்மையான பலன்கள்.

கணக்கீடும் அளவீடும் பொருந்தாவிட்டால் உடனே நிரலைக் குறை சொல்ல வேண்டாம். மேலே விட்டுவைத்த பாலிஸ்டிக் மின்னோட்டம் இங்கே வருகிறது. அதை ஒதுக்கிவிட்டு ஷிஃப்ட் மட்டும் பேசுவது தவறு என்று ஸ்டர்மன் நெடுநாளாகவே வாதிட்டுவருகிறார். 2021-ல் ராப்பே குழுவினரே பேரியம் டைட்டனேட்டுக்கு ஃபோனான் வழியான பாலிஸ்டிக் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அது ஷிஃப்ட் மின்னோட்டத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதைக் காட்டினார்கள். எலக்ட்ரான்–துளை ஈர்ப்பை முழுமையாகச் சேர்ப்பதும் பெரும்பாலான பொருள்களுக்கு இன்னும் கடினமான வேலை. ஆய்வுத் தலைப்பு தேடுபவர்களுக்கு இங்கே இடம் நிறைய இருக்கிறது. ஷிஃப்ட் பகுதிக்கான வழி தெளிவாகிவிட்டது. சிதறலையும் ஈர்ப்பையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்து, வெப்பநிலையோடு மின்னோட்டம் எப்படி மாறும் என்று ஏதேனும் ஒரு பொருளுக்காவது முழுமையாகச் சொல்வது அடுத்த வேலை. ரைஸ்–மெலே சங்கிலியில் ஒரே ஒரு ஃபோனானைச் சேர்த்து அதைத் தொடங்கலாம்.